இருபத்தெட்டு வாரம்

சத்தம் கேட்டால் அழுத்தணும், கேட்காவிட்டால் சும்மா இருக்கணும், அவ்வளவுதான் காக்கு, என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். காக்கு என்றால் வங்காளத்தில் சித்தப்பா, கல்கத்தாவில் தலை நரைத்த எவனும் எவளுக்கும் காக்குதான். இவ்வளவுதானா வேலை. ஐம்பத்தொன்பது வயதில் இதைவிடச் சுலபமாக யாரும் எனக்கு ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. கையில் ஒரு ஒயர், ஒயர் நுனியில் ஒரு பொத்தான். தலையில் ஹெட்ஃபோன், வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம், இரண்டும் கணக்கு வாத்தியார் திருகுகிற மாதிரி காதை இறுக்குகின்றன. சுவர் முழுக்கச் சாம்பல் நிற ஸ்பஞ்சு. இப்படி ஒரு அறை அன்றைக்குக் கிடைத்திருந்தால் நாங்கள் வாசித்துப் பழகிய பவானிப்பூர் கேரேஜில் சத்தம் வெளியே போகாமலிருக்க முட்டை அட்டை ஒட்டி ஒட்டி விரலெல்லாம் பசையாகியிருக்காது. பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் அவள், சட்டையில் ஸ்வாகதா என்று பெயர் குத்திக்கொண்டு ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையைப் பார்த்து நான் அழுத்திவிடக் கூடாதாம், நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். என்ன நம்பிக்கை பாருங்கள். வெளியே பெஞ்சில் கனி, மடியில் ஃபைல். சண்முகக்கனி, என் மனைவி, தென்காசியிலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகிறது, மீன்காரியிடம் என்னைவிட நன்றாக வங்காளம் பேசுவாள். அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் அந்தக் குக்கரால். குளிக்கப் போகும்போது மூணு விசில் வந்தா அணைச்சிருங்க என்றாள், நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன், ஈரத் தலையோடு அவள் ஓடிவந்து அணைக்கும்போது பருப்பு கரிக்கட்டையாகிவிட்டது. எத்தனை விசில் வந்துச்சுங்க என்று கேட்டாள். ரெண்டு என்றேன். ஏன் ரெண்டு என்று சொன்னேன்? ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே, அதற்கு வாய் வரவில்லை. எதிர் ஃபிளாட்டு போஸ் அம்மா ஒன்பது எண்ணியிருக்கிறாள். கனி சண்டை போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. டிசம்பர் பதினாலு கச்சேரின்னு சொன்னீகள்லா, மொதல்ல காதக் காட்டுங்க, பொறவு பரண்ல இருந்து டிரம்ஸ இறக்கித் தாரேன் என்றாள். அதனால் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆ, வந்துவிட்டது, வலது காதில் ஒரு பீப். அழுத்தினேன். இதிலென்ன, அடுத்த வீட்டுக்காரனுக்கே கேட்டிருக்கும். மறுபடி, கொஞ்சம் மெலிசாக. அழுத்தினேன். இன்னும் மெலிசு. அழுத்தினேன். இதோ பார், காது பிரமாதமாக இருக்கிறது, கனிதான் சும்மா ஊரைக் கூட்டுகிறாள். ஒன்று கவனித்தேன், இந்தப் பெண் தாளம் தப்பாமல் அனுப்புகிறாள். பாவம், காலையிலிருந்து எத்தனை கிழங்களோ, கை தானாக ஒரு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பீப்புக்கும் பீப்புக்கும் நடுவே ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன் வியாழன் வெள்ளி சனி, மறுபடி ஞாயிறில் பீப். எனக்கு எதையும் ஏழு ஏழாகத்தான் எண்ண வரும். நீலாத்ரி, எங்கள் கிடாரிஸ்டு, பாட்டெல்லாம் எழுதி இசையமைத்தவன், ஊர் உலகமெல்லாம் நாலு நாலாகத் தாளம் தட்டும்போது அவன் மட்டும் ஏழில்தான் போடுவான். முதல் நாள் கேரேஜில் அவன் கிடாரில் வாசிக்க, நான் ஆறிலும் எட்டிலும் போய் விழுந்து, இது எந்த ஊர்த் தாளம்டா என்று எரிச்சலில் கிழமைகளை வைத்து எண்ண ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை பெரிய அடி, புதனில் ஒரு குட்டி அடி, வெள்ளிக்கிழமை தட்டில் ஒரு சிலுங். ஒரு சுற்று முடிந்தால் ஒரு வாரம். சரியாக உட்கார்ந்துவிட்டது. ஒரு மாதத்தில் அத்தனை பேரும் அதிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். புதன்ல வாடா, வியாழக்கிழமை ஏன் தூங்கறே, பன்னிரண்டாவது வாரத்தில் குரல் சேரணும் என்று. வெளியாள் எவனாவது கேட்டால் ஏதோ ரேஷன் ஆபீஸ் என்று நினைத்திருப்பான். திரவியம் என்கிற என் பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் தொபி ஆகிவிட்டது, அதற்கு நான் கொடுத்த தண்டனை என்று வைத்துக்கொள்ளலாம், மூன்று வங்காளிகளைக் கிழமை சொல்ல வைத்தது. பீப். அழுத்தினேன். அப்பா கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் கிளார்க்கு, சாத்தான்குளத்திலிருந்து வந்தவர், மகன் வங்காளிப் பையன்களோடு சேர்ந்து தகரம் தட்டுகிறான் என்று ஆபீசில் சொல்லவே மாட்டார். சத்தத்தக் கொறைல, காது போயிரும் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். போயிற்றா என்ன, இதோ கேட்கிறதே, பீப், அழுத்தினேன்.

ஜொலோஜான் என்று பெயர் வைத்தது ஹீரக்தான், நீர்மேல் போகிற எதற்கும் அதுதான் பெயர், படகோ கப்பலோ. ஹீரக் எங்கள் கீபோர்டு. நாலு பேர், நீலாத்ரி, ஹீரக், பேஸ் கிடார் பப்லு, நான். எண்பத்தொன்பதில் ஆரம்பித்தோம். பூஜைப் பந்தலில் வாசிக்கப் போனால் சினிமாப் பாட்டு போடு என்று கத்துவார்கள், சிலிகுரியில் ஜெனரேட்டர் போய் இருட்டில் நான் மட்டும் பத்து நிமிஷம் தட்டிக்கொண்டிருந்தேன், அதற்குத்தான் அன்றைக்குக் கைதட்டினார்கள். முதல் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, ஷாத் காட், ஏழு படித்துறை, இருபத்தொரு நிமிஷம். அட்டையில் ஆறும் படகும் போட்டிருந்தோமா, கரியாஹாட் கடைக்காரன் அதைக் கங்கைப் பக்திப் பாடல் என்று நினைத்து சாமிப் பாட்டு அடுக்கில் வைத்துவிட்டான். ஆறு மாதம் ஒன்றும் விற்கவில்லை. அப்புறம் யாரோ ஒரு காலேஜ் பையன் அம்மாவுக்காக வாங்கிப் போய், போட்டுக் கேட்டு, மிரண்டு, ஹாஸ்டல் முழுக்கப் பதிவு பண்ணிக் கொடுத்திருக்கிறான். அங்கேயிருந்துதான் எல்லாம். கரக்பூர், துர்காபூர், ஜாதவ்பூர், ஒன்பது வருஷம் ஓடினோம், யாரோ ஒரு கங்குலி வீட்டு மாடியில் ஒருத்தன் எங்கள் பாட்டை வாயாலேயே முழுசாகப் பாடினான், டிரம்ஸ் உட்பட. இருபத்தொரு நிமிஷத்தில் எல்லோருக்கும் பிடித்தது நடுவில் வருகிற ஹீரக்கின் தனி. மற்ற மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்போம், அவன் மட்டும் வாசிப்பான். இருபத்தெட்டு வாரம். சுமாராக இருபத்தெட்டு. கூடலாம், குறையலாம், அது அவன் மனசு. முடிக்கப்போகிறான் என்றால் கீபோர்டின் வலது கோடியில், உச்சியில், சின்ன மணி மாதிரி ஐந்து சுரம் இறங்கி வரும். அதுதான் சைகை. அது என் காதில் விழுந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் விழுவேன், என்னைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் விழுவார்கள். ஹீரக் கண்ணை மூடித் தலையைக் கவிழ்த்துக்கொண்டுதான் வாசிப்பான், முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. காதுதான். பீப் வரவில்லையே. ஞாயிறு தாண்டிவிட்டது, வரவில்லையே.

இல்லை, காது மாற்றியிருக்கிறாள். இடது காதுக்கு வந்துவிட்டாள் போல. இருக்கட்டும், நிதானம். இடது காதில் என் ஹை-ஹாட் தட்டு இருந்தது, ஒன்பது வருஷம், அரை கஜ தூரத்தில். உள்ளே எப்போதும் ஒரு ஙீ என்கிற சத்தம், விசில் வருவதற்கு முன்னால் குக்கர் முனகுமே அது, சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, இல்லை, சின்ன வயதில் எங்கே, முப்பது வயதிலிருந்து. எல்லோருக்கும் இருக்கும் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கனியிடம் உனக்கு எந்தச் சுரத்தில் கேட்கும் என்று ஒருநாள் கேட்டேன், என்னதுங்க கேக்கணும் என்றாள். அந்த ஙீக்குள்ளே இவள் பீப்பை அனுப்பினால் எதை எதென்று பிரிப்பது? இதோ ஒன்று வந்ததா? வந்த மாதிரி இருந்தது. அழுத்தினேன். தப்பாக இருந்தால்? அழுத்தாமல் விட்டால் அதுவும் தப்பு. பொத்தானைக் கை மாற்றிப் பிடிக்கிறேன். யோசி. அவள் வேகம் தெரியும். ஞாயிறிலிருந்து ஞாயிறு. இந்தக் கையைவிட நல்ல கடிகாரம் இந்தக் கட்டடத்தில் கிடையாது, நீலாத்ரியே சொல்வான், தொபி இருந்தா தாளம் காட்டுற மெட்ரோனோம் எதுக்கு என்று. ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன் வியாழன் வெள்ளி சனி, அழுத்து. இது ஏமாற்று இல்லை. கேட்கிறது, ரொம்ப மெலிசாகக் கேட்கிறது, அதை ஊர்ஜிதம் பண்ணிக்கொள்ளத்தான் எண்ணுகிறேன். ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன் வியாழன் வெள்ளி சனி, அழுத்து. பார், வெளியே ஒரு மறுப்பும் இல்லை. அவள் கதவைத் திறந்து ஐயோ காக்கு என்ன பண்றீங்க என்று கேட்கவில்லை. அப்படியென்றால் சரியாகத்தான் போகிறது. காது நன்றாக இருக்கிறது என்று ஒரு தாள் கொடுத்துவிட்டால் போதும். பரணிலிருந்து டிரம்ஸ் இறங்கிவிடும். டிசம்பர் பதினாலு, இருபத்தாறு வருஷம் கழித்து ஜொலோஜான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் யூடியூபில் எங்களைத் தோண்டி எடுத்துவிட்டார்கள், நாங்கள் செத்துவிட்டோம் என்று கீழே எழுதியிருந்தவனுக்கு நீலாத்ரி சொந்தப் பெயரில் பதில் போட்டான், அங்கே ஆரம்பித்தது. பப்லு கோவிட்டில் போய்விட்டான், அவன் இடத்துக்கு ஒருத்தனைப் பார்த்தாயிற்று. ஹீரக் வருவானா என்பதுதான் கேள்வியாக இருந்தது. வந்துவிட்டான். அந்தத் தாள் கிடைத்தால் அன்றைக்கும் காது நன்றாகத்தான் இருந்தது என்று ஆகும். அன்றைக்கு. வெள்ளி, சனி, அழுத்து.

கேட்டேனா? கேட்டேன் என்று சொன்னேன். தொண்ணூற்றெட்டு நவம்பர், தென்கல்கத்தாவில் பெரிய அரங்கம், எண்ணூறு பேர், பம்பாயிலிருந்து கேசட் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் முதல் வரிசையில். ஹீரக்கின் அப்பா போய் நாற்பது நாள்தான் ஆகியிருந்தது, மொட்டைத் தலையில் புல் மாதிரி முடி முளைத்திருந்தது. தனி வாசிக்க ஆரம்பித்தான். அப்படி அவன் அதற்கு முன் வாசித்ததில்லை, அரங்கத்தில் ஒரு இருமல் கிடையாது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன், நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் நாலைந்து மாதமாகவே அந்த ஐந்து சுரம் எனக்குச் சரியாக வந்து சேர்வதில்லை. கேரேஜில் ஸ்பீக்கர் பழசு என்று நினைத்தேன். துர்காபூரில் மேடையில் எங்களுக்கு வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் சரியில்லை என்று சவுண்டுக்காரனைத் திட்டினேன். எப்படியும் அவன் இருபத்தெட்டில்தான் முடிப்பான், இருபத்தெட்டை எண்ணி விழுந்துவிட்டால் போயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது. ஒருத்தருக்கும் தெரியவில்லை. வெள்ளி, சனி, அழுத்து. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கையையும் தூக்கி மொத்த செட்டையும் அடித்தேன். என்னைப் பார்த்துப் பப்லு விழுந்தான், நீலாத்ரி விழுந்தான். அவன் முடிக்கவில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தான், வேறொரு சுருதியில், எங்கேயோ. நல்ல தூக்கத்திலிருக்கிறவன் முகத்தில் தண்ணீர் ஊற்றினால் விழிப்பானே, அப்படி என்னைத் திரும்பிப் பார்த்தான். கை கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டது. நாங்கள் மூன்று பேர் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம், மூன்று வாரம் தடுமாறி நின்றேபோனது. யாரோ சிரித்தார்கள். முதல் வரிசையில் ஒருத்தர் வாட்ச்சைப் பார்த்தார். அந்த நிசப்தம் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

உள் அறையில் நீலாத்ரி என்னைத்தான் முதலில் பிடித்தான், தொபி, அவன் சைகை கொடுத்தானா இல்லையா என்று. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு நொடி. அந்த ஒரு நொடியைத்தான் இருபத்தாறு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன், கொடுக்கவில்லை என்றோ தெரியவில்லை என்றோ சொல்ல அதில் எவ்வளவோ இடம் இருந்தது. "கொடுத்தான். நான் கேட்டேன்" என்றேன். அவ்வளவுதான். ரெண்டு விசில் என்று சொன்னேனே, அதே வாய். அன்றைக்கு ரெக்கார்டு பண்ணினவன் சரியாக அந்த நேரத்தில் கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான், பாட்டின் அந்த இடம் எதிலும் இல்லை, நீலாத்ரி கிடார் மாற்ற ஓரத்துக்குப் போய் கடைசி நொடியில்தான் திரும்பியிருந்தான், பப்லு எப்போதும்போல மணியைக் கவனிக்காமல் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஹீரக் சண்டைக்கு வந்திருந்தால் நானும் சண்டை போட்டு, கத்தி, இரண்டு நாளில் உண்மையைக் கக்கியிருப்பேன். அவன் தன் விரல்களைப் பார்த்தான். "கொடுத்தேனா? எனக்கே தெரியாம வாசிச்சிட்டேனா?" என்று என்னையே கேட்டான். நான் தலையை ஆட்டினேன். அப்பா போனதிலிருந்து கை எங்கே போகுதுன்னு தெரியல தொபி என்றான். அதற்கும் தலையை ஆட்டினேன், பாவி, தோளில் வேறு தட்டிக்கொடுத்தேன். மாதக் கடைசியில் ஒத்திகைக்கு அவன் வரவில்லை. கிருஷ்ணநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராகப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம், அவன் இடத்துக்கு ஆள் தேடினோம், கிடைக்கவில்லை, பம்பாய்க்காரர்கள் அதோடு சரி, அடுத்த வருஷம் கேரேஜில் நீலாத்ரியின் அண்ணன் கார் வாங்கி நிறுத்திவிட்டார், நானும் அப்பாவைப் போல ரயில்வேக்குப் போய்விட்டேன். ஒரு பேண்டு எதனால் உடைந்தது என்று இப்போது பேட்டி எடுக்க வருகிற பையன்கள் கேட்கிறார்கள். கருத்து வேறுபாடு என்கிறான் நீலாத்ரி. நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். வியாழன், வெள்ளி, சனி, அழுத்து. நன்றாகப் போகிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீலாத்ரி வீட்டில் பார்த்தோம். ஹீரக்குக்கு வழுக்கை விழுந்து, மூக்குக் கண்ணாடி மாட்டி, தோளில் ஜோல்னாப் பை, பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும் வாத்தியார் முகம். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான், தொபி, இன்னும் கிழமைதான் எண்ணுறியா என்று கேட்டு. டீ வந்தது, சிங்காடா வந்தது, அதுதான் வங்காளத்துச் சமோசா, பப்லுவைப் பற்றிப் பேசினோம். எல்லாம் முடிந்து போகிற நேரத்தில் எனக்கு ஒரு நிபந்தனை என்றான். நீலாத்ரி பயந்துவிட்டான். ஷாத் காட்டில் அந்தச் சைகை வேண்டாம், மணிச் சுரத்தை எடுத்துவிடலாம், நான் முடிக்கும்போது கையைத் தூக்கிக் காட்டுகிறேன் என்றான். ஏன் என்று நீலாத்ரி கேட்டதற்கு, இந்த விரல்களை நான் நம்பறதில்ல, அப்புறம் கீபோர்டை வீட்ல வாங்கி வச்சும் பத்து வருஷம் மூடியே வச்சிருந்தேன், திறந்தா அது பாட்டுக்கு எதையாவது வாசிச்சிடுமோன்னு இருந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் சிங்காடாவின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். நீலாத்ரி இருந்தான், நீலாத்ரியின் மனைவி இருந்தாள், இத்தனை பேர் முன்னால் எப்படி. கீழே டாக்ஸிக்கு நிற்கும்போது நாங்கள் இரண்டு பேர்தான், அப்போதும் சொல்லவில்லை. அது சரி, எதைச் சொல்வது? கேட்கவில்லை என்று எனக்கு என்ன நிச்சயம்? ஒருவேளை கேட்டுமிருக்கலாம். ஒருவேளை அவன் வாசித்துத்தான் இருப்பான், விரலாவது, மனுஷன் துக்கத்திலிருந்தான், நடக்காதா என்ன. காது நன்றாக இருக்கிறது என்று இந்தப் பெண் ஒரு தாள் கொடுத்தால், நல்ல காது உள்ளவன் அன்றைக்குக் கேட்டேன் என்று சொன்னது பொய்யாக இருக்காது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். ஞாயிறு திங்கள் செவ்வாய், தாகமாக இருக்கிறது, புதன் வியாழன், முதுகுக்குப் பின்னால் என்ன பண்ணுகிறாள் இவள், வெள்ளி சனி, அழுத்து. ஞாயிறு திங்கள். அரங்கத்தில் சிரித்தது ஒரு பெண் குரல் இல்லையா. செவ்வாய் புதன். அது கேட்டதே, பெண் குரல் கேட்டதே, அப்புறம் மணி ஏன் கேட்காது? வியாழன் வெள்ளி சனி, அழுத்து. சிரிப்பு கீழ்ச் சுரம். ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன் வியாழன் வெள்ளி சனி, அழுத்து.

தோளில் கை விழுந்தபோது தூக்கிவாரிப் போட்டது. கதவு திறந்தது தெரியவில்லை, அவள் எத்தனை தடவை கூப்பிட்டாளோ. ஸ்வாகதா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். கோபமாக இல்லை, வினோதமான ஒன்றைப் பார்க்கிற முகம். முடிஞ்சுதா, எப்படி, பரவாயில்லையா என்று நான்தான் முந்திக்கொண்டேன். அவள் எனக்கு எதிரே குனிந்து உட்கார்ந்து, நான் அவள் வாயைப் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னாள். "காக்கு, கடைசி மூணு நிமிஷமா நான் ஒரு சத்தமும் அனுப்பல. நீங்க அழுத்திட்டே இருந்தீங்க." முதலில் சரியாகப் போகிறது என்றுதான் நினைத்தாளாம். அப்புறம் எல்லா இடைவெளியும் ஒன்றுபோல இருக்கவே சந்தேகம் வந்து, கையை எடுத்துவிட்டு, நான் அழுத்தினால் மெஷினில் எரிகிற விளக்கையே சும்மா பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒரு தடவைகூடப் பிசகல காக்கு, நீங்க என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்டாள். ரயில்வே என்றேன்.

இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன். அவள் இந்தத் தடவை கண்டபடி அனுப்பினாள், நான் எண்ணவில்லை. எண்ணாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, ஞாயிறு என்று தொடங்கும் போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கீழ்ச் சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஙீ மட்டும். பொத்தானை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன், ரொம்ப நேரம், அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய மாதிரி. வெளியே வந்து அவள் ஒரு தாளைக் காட்டினாள், கோடு கொஞ்ச தூரம் ஒழுங்காக வந்து வலது பக்கம் கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்கியது, வலது காதும் மேல் சத்தத்தில் பாதிதானாம், ஒழுங்காகக் கேட்கிறது என்று நான் மெச்சிக்கொண்ட காது. இந்த இறங்கின இடம் என்றால் ஒரு கீபோர்டில் எங்கே என்று கேட்டேன். அவளுக்குக் கீபோர்டு தெரியாது, ஆனால் குருவிச் சத்தம், குக்கர், சின்ன மணி, அதெல்லாம் இங்கே வரும் என்று விரல் வைத்தாள். இது எப்போதிலிருந்து இருக்கும் என்று கேட்டேன். வருஷக் கணக்கு டாக்டர்தான் சொல்லணும், ஆனா இது நேத்து வந்ததில்ல, காதுக்குள்ள சத்தம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருக்கா, அப்பவே தொடங்கியிருக்கும் என்றாள். ஞாபகம் இருக்கிறது. முப்பது வயது. தொண்ணூற்றாறு. கனி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தாள், ஒன்றும் புரியாமலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டிரம்ஸு பரண்லயே கெடக்கட்டுமா என்று கேட்டாள். அது அப்புறம், ஹீரக்குக்குப் போன் போட்டுக் குடு என்றேன்.

மணி நாலு, பள்ளிக்கூடம் விட்டிருக்கும். வராந்தாவில் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன், கீழே கரியாஹாட் முழுக்க ஹாரன், அதெல்லாம் கீழ்ச் சுரம், நன்றாகக் கேட்கிறது. ஹலோ என்றான், அது கேட்டது. நான் நலம் விசாரிக்கவில்லை, விசாரித்தால் அங்கேயே நின்றுவிடுவேன். "ஹீரக், அன்னிக்கு நீ சைகை குடுக்கல. எனக்கு அந்தச் சுரம் கேட்கவே கேட்காது. நான் எண்ணி விழுந்தேன். கேட்டேன்னு பொய் சொன்னேன்." சொல்லி முடித்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. பேசுகிறானா, பேசாமல் இருக்கிறானா, போனை வைத்துவிட்டானா, ஒரு எழவும் தெரியவில்லை. கை தானாகத் தொடையில் தட்ட ஆரம்பித்தது, ஞாயிறு திங்கள், இல்லை, வேண்டாம், தெரியாது, எனக்குத் தெரியாது. போனைக் கனியிடம் நீட்டினேன், என்ன சொல்றான்னு நீ கேளு என்றேன். அவள் வாங்கிக் காதில் வைத்தாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு.

"திட்டுதானா?" என்றேன்.

"இல்லங்க. அப்போ நான் வாசிக்கலையா, அப்போ நான் வாசிக்கலையான்னு அதையே கேட்டுக்கிட்டு இருக்காரு. வேற ஒண்ணும் சொல்லல."

"வாசிக்கலைன்னு சொல்லு."

சொன்னாள். மறுபடி கேட்டான் போலிருக்கிறது, மறுபடியும் சொன்னாள்.